தோட்டத்துக்கு நிறம், தரிசுக்குக் காடு: வாசகர் கேள்வி – பதில்

ஆடி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால் பாதிக்குமேல் இரண்டே விஷயம்தான்: வீட்டில் வருடம் முழுக்கப் பூ வேண்டும், தரிசைக் காடாக்க வேண்டும். இரண்டுக்கும் நாங்கள் நீட்டப்போவது ஏறக்குறைய ஒரே மரப்பட்டியல்தான் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

மரக்காணம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் மேடு. பல வருடமாக விவசாயம் இல்லை, வேலிகாத்தான் மூடிவிட்டது. நாட்டு மரக் காடாக மாற்ற ஆசை. ஜேசிபி விட்டு ஒரே வாரத்தில் சுத்தம் செய்து, ஐப்பசி மழைக்கு 3,000 கன்று வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
*— வாசகர், திண்டிவனம்*

ஜேசிபி வேண்டாம். வேலிகாத்தானை (தெற்கே சீமைக்கருவேலம் என்பார்கள்) அது பிடுங்கும்போது மேல்மண்ணையும் சேர்த்துப் புரட்டும். உங்கள் மேட்டில் உயிருள்ள மண் அந்த மேல் அரை அடிதான். முதல் பெருமழையில் அது ஓடைக்குப் போய்விட்டால், அடியில் இருக்கும் செம்பூரான் கல்லில் கடப்பாரைதான் நிற்கும், கன்று நிற்காது. மண்ணுக்குள் கிடக்கும் வேலிகாத்தான் விதைக்கும் வெயில் பட்டால் கொண்டாட்டம். ஐப்பசியில் மொட்டையடித்த நிலம், தையில் கீரைப்பாத்தி மாதிரி வேலிகாத்தான் நாற்றாக நிற்கும்.

முதல் வேலை நடந்து பார்ப்பது. கையில் ஒரு கட்டு மூங்கில் குச்சியும் கிழிந்த சிவப்புத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு கடித்துக் கடித்து முழங்காலுக்குமேல் எழாத புதர்கள் வேலிகாத்தானுக்கு அடியில் இருக்கும்: காரை, சூரை, களா, காட்டெலுமிச்சை, ஆத்தி. மேலே ஒரு சாண் தெரியும். கீழே வேர்க்கட்டை பல வருடப் பழசு. ஆட்டை நிறுத்தினால் இரண்டு மழையில் ஆளுயரம் வந்துவிடும். நர்சரியிலிருந்து வாங்கி வைக்கும் எந்தக் கன்றும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். இவற்றைத் தெரியாமல் வெட்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் அதே களாவைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கூத்து.

மாதிரி பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர அய்யனார் கோயில் காட்டுக்குப் போய் வாருங்கள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு என்ன என்பது அங்கே புரியும். முப்பது நாற்பது அடியில் முடிந்துவிடும் கூரை, தோல்போலத் தடித்த சின்ன இலைகள், உள்ளே மதியத்திலும் இருட்டு, மரத்துக்கு மரம் கொடி. நீங்கள் போக வேண்டிய ஊர் அது. தேக்கந்தோப்பு மாதிரி வரிசை கட்டி ஓங்கி நிற்கும் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது, தண்ணீரை நிறுத்துவது. ஆவணி முடிவதற்குள் சம உயர வரப்பு போட்டுவிட வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் மட்டக்குழாய் இருந்தால் போதும்; ஒரே மட்டமான புள்ளிகளுக்குச் சுண்ணாம்பு போட்டு, அந்தக் கோட்டில் ஒன்றரை அடி உயர வரப்பு. மண்ணை மேட்டுப்புறத்திலிருந்து எடுத்துப் பள்ளப்புறம் போடுங்கள். எடுத்த இடமே தண்ணீர் நிற்கும் வாய்க்கால் ஆகிவிடும். ஒவ்வொரு வரப்புக்கும் கல் பாவிய வழிவாய் கட்டாயம். வழிவாய் இல்லாத வரப்பு ஒரே இரவில் உடைந்து, வரப்பே இல்லாத நிலத்தைவிட ஆழமான ஓடையை அறுத்துவிட்டுப் போகும்.

மூன்றாவதுதான் வெட்டு. மூன்று ஏக்கரையும் ஒன்றாகத் தொடாமல், வரப்பை ஒட்டிப் பத்து மீட்டர் அகலப் பட்டைகளாக, மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த வருடம் எடுங்கள். தரையோடு வெட்டினால் வேலிகாத்தான் நாலு மடங்காகத் தழையும், ஏனென்றால் தளிர் கிளம்பும் இடம் மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் முண்டில் இருக்கிறது. ஒரு அடி தோண்டி அந்த முண்டோடு எடுக்க வேண்டும். முள்கிளைகளை எரிக்காதீர்கள். பாதியை வரப்பின் மேட்டுப்புறம் படுக்கப் போட்டால் வண்டலைப் பிடிக்கும். மீதி ஆட்டுக்கு வேலி. மிச்சமுள்ள மரங்கள் இரண்டு வருடம் நிழல் கொடுத்துவிட்டுப் போகட்டும். எடுத்த பட்டையில் முளைக்கும் நாற்றுகளைக் கார்த்திகையிலும் தையிலும், மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள். மூன்று வருடம் விடாமல் செய்தால் தொல்லை அடங்கும்.

இப்போது 3,000 கன்றுக் கணக்கு. ஏக்கருக்கு ஆயிரம் என்பது இரண்டு மீட்டர் இடைவெளி, தப்பில்லை. ஆனால் தை கடைசியிலிருந்து ஆனி வரை கன்றுக்கு வாரம் 10 லிட்டர் வேண்டும். 3,000 கன்றுக்கு வாரம் 30,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டேங்கர் ஆறு. கிணறு அதற்குத் தாங்குமா? முதல் வருடம் 800 கன்று போதும்.

எதை வைப்பது என்பதில் வரிசை முக்கியம். முதல் வருடம் வெயில் தாங்கிகள்: ஆவாரை, விராலி, உசில், வெள்வேல், புங்கம், ஆத்தி, வெப்பாலை, ஒதியன். ஒதியனைக் கை தடிமனில் நான்கடி போத்தாக வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். இவை நிழல் கட்டிய பிறகு, மூன்றாவது மழைக்கு, அவற்றின் அடியில் வீரை, காயா, கருங்காலி, இரும்பிலி, உலக்கைப்பாலை, கொஞ்சி. காட்டின் சொந்தக்காரர்கள் இந்த இரண்டாம் அணிதான். முதல் வருடமே வெட்டவெளியில் இவற்றை வைத்துவிட்டு, பங்குனியில் எல்லாம் கருகிப்போன பிறகு “நாட்டு மரம் நம்ம மண்ணுக்கு வராது” என்று சொல்பவர்கள் நிறைய.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. செம்பூரான் தட்டினால் இரண்டடி. கடப்பாரையால் குழிச் சுவரைக் குத்திக் கரடுமுரடாக்குங்கள். வழவழப்பாக விட்டால் வேர் சட்டிக்குள் சுற்றுவதுபோலக் குழிக்குள்ளேயே சுற்றும். மேல்மண்ணோடு ஐந்து கிலோ மக்கிய தொழுவுரம், கரையான் இருந்தால் 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு. பச்சைச் சாணம் கரையானை அழைத்து வரும். நடவு முதல் நல்ல மழை இறங்கியதும், ஐப்பசிக்குள். கார்த்திகைக்குமேல் வைக்கும் கன்று வேர் இறக்குவதற்குள் மழை முடிந்துவிடும். மூடாக்கு (மண்ணை மூடும் சருகு) நான்கு அங்குலக் கனம், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு. தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் பட்டையை உரித்துவிடும்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றும் பாசம் கன்றைக் கொல்லும். மேலாக நனைந்தால் வேர் மேலேயே நிற்கும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கன்றும் போய்விடும். வாரம் ஒருமுறை ஊறும்படி ஊற்றுங்கள். இரண்டாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாம் கோடையில் இலை தொங்கினால் மட்டும். மாசிக்குமேல் புல் காய்ந்து தீப்பிடிக்கும். எல்லையைச் சுற்றி மூன்று மீட்டர் புல் செதுக்கிய தடம் வேண்டும்.

பக்கத்தில் ஆரோவில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 1968இல் அது தொடங்கியபோது அந்த மேடும் உங்கள் மேட்டைவிட மோசமாகத்தான் இருந்தது. வேகமாக நிழல் கிடைக்க ஆஸ்திரேலிய அக்கேசியாவை ஏராளமாக வைத்தார்கள். நிழலும் கிடைத்தது, சருகும் கிடைத்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது அக்கேசியாக்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. குட்டையாக, ஆழ வேரோடு நின்ற நாட்டு மரங்கள் எவ்வளவோ நன்றாகத் தாங்கின. நிழலுக்கு அந்நிய மரம் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. அந்த வேலையை உசிலும் வெள்வேலும் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

வீட்டைச் சுற்றி அரை கிரவுண்டு இடம். நாட்டுச் செடிகளை மட்டும் வைத்து எல்லா மாதமும் ஏதாவது நிறம் இருக்கும்படி செய்ய முடியுமா? நாட்டுச் செடி என்றால் பச்சையும் முள்ளும்தான் என்கிறார் என் கணவர்.
*— வாசகி, கடலூர்*

முடியும். முள்ளும் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறோம்.

பஞ்சாங்க வரிசையில் பார்த்தால் தை மாதம் ஆவாரையின் மஞ்சள். பொங்கல் காப்புக் கட்டில் அது இருப்பது சும்மா இல்லை, அந்த நேரத்தில் கேட்காமலே கிடைக்கும் பூ. சாலையோரம் தானாக வளர்கிறதே என்று அதைத் தோட்டத்தில் யாரும் வைப்பதில்லை. வருடம் ஒருமுறை பாதியாகக் கவாத்து செய்தால் மூன்றடிக்கு அடங்கிய, நாள் முழுக்க வண்டு மொய்க்கும் அருமையான புதர். மாசியில் இலையுதிர்த்த கல்யாண முருங்கையில் சிவப்பு. இடம் பெரிதாக இருந்தால் புரசு. உங்கள் அளவுக்கு வேண்டாம்.

மாசி, பங்குனியில் செருந்தி. இது ஏன் எல்லா வீட்டிலும் இல்லை என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. இலை உதிர்ந்த குச்சியில் முதலில் மஞ்சள் பூ. இதழ் நாலு நாளில் கொட்டிவிடும். கதை அங்கே முடிவதில்லை. அடியில் இருக்கும் புல்லி இதழ்கள் விழாமல் மெல்லச் சிவந்து, மெழுகு பூசியது மாதிரி ஆகும். அந்தச் சிவப்புத் தட்டில் பச்சை மணிகள் உட்கார்ந்து, பழுத்துக் கறுப்பாகும். பூ போன பிறகும் ஒரு மாதத்துக்குமேல் சிவப்பும் கறுப்புமாக நிற்கும், குருவி வந்து கொத்தும் வரை. ஏழெட்டடிக்குள் நிறுத்தலாம், முள் கிடையாது. விதையைப் பறித்த வாரமே போட வேண்டும்.

சித்திரை, வைகாசிக்குத் தெருப்பக்கம் ஒரு சரக்கொன்றை, நிழலான பக்கம் வெப்பாலை. வெள்ளைப் பூ, மாலையில் வாசம். ஆனி, ஆடியில் பூ குறையும் காலம். அப்போது களாக்காய் கைகொடுக்கும்: பச்சை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு மூன்றும் ஒரே கொத்தில். இதில் முள் உண்டு, சுற்றுச்சுவர் ஓரமாக வைத்தால் காவலுக்கும் ஆகும், ஊறுகாய்க்கும் ஆகும். கூடவே பூவரசு: காலையில் மஞ்சளாக விரிந்த பூ சாயங்காலம் கருஞ்சிவப்பாகி விழும். ஆவணி முதல் ஐப்பசி வரை செங்காந்தள். கார்த்திகை, மார்கழிக்கு டிசம்பர் பூவும் செம்முள்ளியும்; ஒன்று ஊதா, ஒன்று காவி மஞ்சள். இரண்டையும் பூ முடிந்ததும் ஒரு அடிக்கு வெட்டிவிடாவிட்டால் அடுத்த வருடம் காலெல்லாம் குச்சியாகி நுனியில் மட்டும் பூக்கும். நடுவில் கிடைக்கிற சந்திலெல்லாம் கனகாம்பரம்.

கல்யாண முருங்கைக்கு ஒரு எச்சரிக்கை. இலைக்காம்பும் இளங்குருத்தும் வீங்கி முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது சிறு குளவி ஒன்று உள்ளே முட்டையிட்டதன் விளைவு. மருந்து தெளித்துப் பயனில்லை, புழு திசுவுக்குள் இருக்கிறது. வீங்கிய நுனியை வெட்டி எரித்துவிடுங்கள், குப்பையில் போட்டால் அங்கிருந்து பறக்கும்.

வெளிநாட்டுப் படங்களில் மரமே சிவப்பும் ஆரஞ்சுமாக மாறுகிறதே, அப்படி நம்மூரில் எந்த மரம் மாறும்?
*— கல்லூரி மாணவி, விழுப்புரம்*

அங்கே குளிருக்கு முன் முதிர்ந்த இலை நிறம் மாறும். இங்கே பெரும்பாலும் தளிர்தான் சிவக்கும், அதுவும் கோடையின் வாசலில். மாசி, பங்குனியில் பூவ மரத்தைப் பாருங்கள். ஒரு வாரம் மரம் முழுக்கச் செக்கச்செவேல், தூரத்திலிருந்து பூ என்றே நினைப்பீர்கள். இலுப்பைத் தளிர் செம்பு நிறம், அரசு இளஞ்சிவப்பு கலந்த செம்பு, நாவல் லேசான ரோஜா. இளம் இலையில் பச்சையம் நிறைவதற்கு முன் செந்நிறமி முன்னால் நிற்கிறது. கடும் வெயிலிலிருந்து மெல்லிய இலையைக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. பூவமும் இலுப்பையும் பெரிய மரங்கள். குளக்கரை, பள்ளி மைதானம் போன்ற இடத்துக்குத்தான் சரி.

சரக்கொன்றை வைத்து எட்டு வருடம். இருபதடி வளர்ந்து பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஒரு சரம்கூடப் பூக்கவில்லை. பக்கத்தில் புல்தரைக்குச் சொட்டுநீர் ஓடுகிறது. தை மாதம் கிளை கழித்து, உரமும் வைக்கிறேன்.
*— வாசகர், செங்கல்பட்டு*

உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணமும் இருக்கின்றன. கொன்றைக்குப் பூக்கக் காய்ச்சல் வேண்டும். மார்கழிக்குப் பிறகு மண் வறண்டு, இலை உதிர்ந்து, மொட்டைக் கிளையில்தான் சரம் இறங்கும். சொட்டுநீர் அதை இலை உதிர்க்கவே விடவில்லை. பூ வரவேண்டிய முதிர்ந்த கிளையைத் தையில் நீங்களே கழித்துவிடுகிறீர்கள். உரத்தில் தழைச்சத்து ஏறினால் தழைதான் வரும்.

கார்த்திகையோடு அந்தப் பக்கச் சொட்டுக்குழாயை அடைத்துவிடுங்கள். உரம் வேண்டாம். கழிப்பதாக இருந்தால் பூ முடிந்த கையோடு, ஆனிக்குள். வரும் சித்திரையில் கொஞ்சம், அதற்கடுத்த சித்திரையில் நிறைய எதிர்பார்க்கலாம். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடமாக இருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. மழைக்காலத்தில் இலையை ஓட்டையாக்கும் பச்சைப் புழுவைக் கண்டு பதறாதீர்கள். அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும், மரம் மறுபடி தழையும்.

விதை போடுபவர்களுக்கு: தோல் கல் மாதிரி இருக்கும். நகவெட்டியால் விளிம்பில் சிறிது கிள்ளி, முளை இருக்கும் கூர்முனையைத் தொடாமல், ஒரு இரவு ஊறவைத்தால் உப்பிவிடும். உப்பாததை மறுபடி கிள்ளுங்கள்.

காயா மரக் கன்று மூன்று தடவை வாங்கி வைத்தும் பிழைக்கவில்லை. காயாம்பூ வண்ணன் என்று படித்ததோடு சரி, பூவை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்குமா?
*— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதுச்சேரி*

கிடைக்கும் ஐயா, ஆனால் நிதானமாக. காயா நிழலில் பிறந்து வெயிலுக்குப் போகும் மரம். முதல் இரண்டு வருடம் பாதி நிழல் வேண்டும்; முருங்கையோ அகத்தியோ கிழக்கே இருக்க, மேற்கு வெயிலை மறைக்க ஒரு தென்னங்கீற்றுத் தட்டி. பிழைக்காததற்கு இன்னொரு காரணம் பையிலேயே இருக்கலாம். கன்று சிறிதாகத்தான் வளரும் என்பதால் பையில் வருடக்கணக்கில் கிடந்து, வேர் அடியில் சுருண்டுபோயிருக்கும். வாங்கும்போது பையின் அடியைத் தடவிப் பாருங்கள். கயிறு சுற்றியதுபோல் தட்டுப்பட்டால் வேண்டாம். முழங்கால் உயரக் கன்று போதும், இடுப்பு உயரம் தேடாதீர்கள். களிமண்ணாக இருந்தால் ஒரு சாண் மேடு கட்டி நடுங்கள்.

விதை கிடைத்தால் அதுவே மேல். கறுத்த பழத்தைப் பிசைந்து சதை நீக்கி, அந்த வாரத்திலேயே மணலில் நிழலில் போடுங்கள். முளை ஒன்றுபோல் வராது, தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

பூக்க வருடங்கள் ஆகும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், மாசி பங்குனியில் கீழ்புத்துப்பட்டுக் காட்டில் தேடுங்கள். பூ கிளை நுனியில் இருக்காது. போன வருட இலை இருந்த கணுக்களில், முற்றிய குச்சியை ஒட்டிக் கொத்துக் கொத்தாக, மிளகைவிடச் சற்றுப் பெரிய மொட்டுகள். விரிந்தால் நீலமும் ஊதாவும் கலந்த நிறம், குச்சியே தெரியாது. சில நாள் பிந்தினால் அடியில் நீலத் தூளாகக் கொட்டிக் கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

எங்கள் குடியிருப்பில் 1,000 சதுர அடி காலியாக உள்ளது. மியாவாக்கி முறையில் காடு வளர்த்துத் தருவதாக ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். நல்லதா?
*— குடியிருப்போர் நலச் சங்கச் செயலர், சென்னை*

அந்த அளவு இடத்துக்கு நல்லது. இது கன்றுகளை நெருக்கி நடும் முறை; சதுர மீட்டருக்கு மூன்று நான்கு என்று வைத்தால் உங்களுக்கு ஏறத்தாழ 280 முதல் 370 கன்று. இதையே ஏக்கர் கணக்கில் செய்தால் ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரத்துக்குமேல் போகும். அங்கே நாங்கள் வேண்டாம் என்போம்.

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வலியுறுத்திய முதல் விதி, அந்த மண்ணில் இயல்பாக எந்தக் காடு வளருமோ அதைக் கண்டறிந்து அந்த இனங்களை வைப்பது. இங்கே பலர் நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டார்கள். எனவே பணம் கொடுப்பதற்கு முன் மரப்பட்டியலைக் கேளுங்கள். மகோகனி, சிங்கப்பூர் செர்ரி, நாட்டு வாதுமை, தூங்குமூஞ்சி இருந்தால் அடித்துவிடுங்கள். வேகமாக வளரும் புங்கம், வேம்பு மூன்றில் ஒரு பங்குக்குமேல் வேண்டாம். மிஞ்சினால் இரண்டாம் வருடமே மெதுவாக வளரும் மரங்களை மூடிக் கொன்றுவிடும். ஓரத்தில் ஆவாரை, கொஞ்சி, செருந்தி போன்ற புதர்கள் கட்டாயம். இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்க்க வெறும் தண்டுகள்தான். ஒப்பந்தத்தில் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் களையெடுப்பும் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். மதிற்சுவரிலிருந்து ஐந்தடி தள்ளியே தொடங்க வேண்டும்.

செங்காந்தள் கிழங்கு ஏழு நட்டேன். இரண்டு முளைத்தது, ஐந்து அழுகிவிட்டது. ஏன்?
*— வாசகி, தாம்பரம்*

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றெல்லாம் இதற்குப் பெயர். கலப்பை மாதிரி இரண்டு கவையாக இருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். நுனி உடைந்த கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது, மண்ணில் கிடந்து அழுகும். கூரியரில் வந்த கிழங்கு என்றால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆடியில் நடுங்கள். 50 கிராமுக்குக் குறையாத கிழங்கு, நுனி வெள்ளையாகத் திரண்டிருக்க வேண்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்க வைத்து, முளை தெரியும்வரை மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் கொடி இது; வழவழப்பான இரும்புக் கம்பியைவிடச் சிம்பு உள்ள காய்ந்த கிளை நல்லது. கொங்குப் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்கள் கிளுவையில் ஏற்றுவது வழக்கம். தண்டு நுனி ஒடிந்தால் அந்த வருடம் அதோடு சரி, அதனால் கொடியை நீங்கள் கையால் திருப்பாதீர்கள். மார்கழியில் இலை பழுத்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுங்கள். தூங்கும் கிழங்குக்கு ஈரம் பகை.

செடி முழுவதும் விஷம், கிழங்கு கடும் விஷம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்திருக்கும் கூடையில் தவறியும் போடாதீர்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தோட்ட எல்லையில் நிழலுக்காக வைத்த மஞ்சள் கொன்றை இப்போது எங்கே பார்த்தாலும் முளைக்கிறது. அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா?
*— வாசகர், கூடலூர்*

விடாதீர்கள். உங்கள் பக்கத்து முதுமலையில் வனத்துறை ஏக்கர் ஏக்கராக வெட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். காகிதக்கூழுக்கு அனுப்பியும் தீரவில்லை. அடர்ந்து நின்று அடியில் புல்லைக் கொல்லும். புல் போனால் மானும் காட்டெருமையும் வேறு இடம் தேட வேண்டும்.

சரக்கொன்றையோடு குழப்பிக்கொள்ளாமல் பாருங்கள். சரக்கொன்றையில் பூச்சரம் கீழே தொங்கும், சிற்றிலை உள்ளங்கை நீளம், நாலு முதல் எட்டு ஜோடி. மஞ்சள் கொன்றையில் பூக்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், சிற்றிலை ஒடுங்கிக் கூராக, பத்து ஜோடிக்குமேல்.

வெட்டினால் தூரிலிருந்து கிளைக்கும். கட்டைவிரல் தடிமன் வரை ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்துக்கு, நெஞ்சளவிலிருந்து தரைக்குக் கீழே வேர்முண்டு வரை பட்டையைச் சுற்றிலும் உரித்து, அடியிலிருக்கும் வழவழப்பான படலத்தையும் சுரண்டிவிட வேண்டும். விரல் அகலப் பட்டை விட்டுப்போனாலும் அது வழியாகப் பிழைத்துக்கொள்ளும். நின்றபடியே காயும்; நடுவில் வரும் தளிரை மாதம் ஒருமுறை ஒடியுங்கள். காய் முற்றுவதற்கு முன் தொடங்குவது முக்கியம். அந்த இடத்தில் மஞ்சளே வேண்டும் என்றால் சரக்கொன்றையும் வேங்கையும் உங்கள் உயரத்தில் நன்றாக வரும்.

அய்யனார் கோயில் காட்டில் விதை பொறுக்கலாமா?
*— வாசகர், பண்ருட்டி*

ஊர்க்காரர்களையும் பூசாரியையும் கேட்டுவிட்டு, தரையில் விழுந்ததை மட்டும். பல கோயில்களில் சுள்ளி ஒடிப்பதே குற்றம், கிளையை உலுக்காதீர்கள். ஒரே மரத்தடியில் பை நிரப்பாமல் பத்து மரத்தடியில் கைப்பிடி கைப்பிடியாக எடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகளாக ஒரு காட்டை நிரப்பக் கூடாது. நாவல், இலுப்பை, வேம்பு விதைகள் நாள் கணக்கில் உயிர் இழப்பவை. பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டி டிக்கியில் போட்டால் வீடு வருவதற்குள் வெந்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மறுநாளே பையில் ஊன்றுங்கள்.